கேள்வி பதில்: இது எந்த மலைத் தேன்?

போன இதழில் ஜவ்வாது மலையைப் பற்றி எழுதும்போது, தேனுக்குள் இருக்கும் மகரந்தத்தைப் பார்த்தே அது எந்தப் பக்கத்துத் தேன் என்று சொல்லலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்கத் தேன்தான்.

ஜவ்வாது மலைப் பக்கம் இருக்கும் அமிர்தி போகிற வழியில் ரோட்டோரம் மலைத்தேன் என்று சொல்லி ஒருவர் விற்றார், ஒரு பாட்டில் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் மாமியார் நக்கிப் பார்த்துவிட்டு, இது வெல்லப்பாகு என்கிறார். மகரந்தத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?
வாசகி, சத்துவாச்சாரி

உங்கள் மாமியார் சொன்னது சரியா இல்லையா என்பதை நாக்கை வைத்து முடிவு செய்ய முடியாதம்மா. புளி பூக்கிற காலத்துத் தேனும் வேம்பு பூக்கிற காலத்துத் தேனும் ஒரே மலையில் எடுத்தாலும் ருசி வேறு, நிறம் வேறு.

தேனீ பூவுக்குள் தலையை விட்டு உறிஞ்சும்போதே கொஞ்சம் மகரந்தம் பூந்தேனில் விழுந்துவிடுகிறது. உடம்பு முடியில் ஒட்டிக்கொண்டு வருவது கூட்டுக்குள் உதிர்கிறது. தேனீயின் தேன்பைக்குப் பின்னால் சின்ன வால்வு மாதிரி ஒரு உறுப்பு இருக்கிறது. பறந்து வரும் வழியிலேயே அது மகரந்த மணிகளை, முக்கியமாகப் பெரிய மணிகளை, வடித்து எடுத்துவிடும். அதையும் தாண்டித் தேனுக்குள் வந்து சேர்வது ஏராளம். 10 கிராம் தேனில் 20 ஆயிரம் மகரந்த மணி இருந்தால் அதைக் குறைவு என்பார்கள், சில தேனில் 10 லட்சத்தையும் தாண்டும். மகரந்தத்தின் வெளித்தோல் ஸ்போரோபொல்லெனின் என்ற பொருளால் ஆனது, அமிலத்தில் போட்டுக் காய்ச்சினாலும் கரையாது. பாட்டிலுக்குள் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ஆய்வுக்கூடத்தில் செய்வது இதுதான். 10 கிராம் தேனை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, மையவிலக்குக் கருவியில் வேகமாகச் சுற்றுவார்கள். குழாயின் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு படிவு நிற்கும். மேலே உள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்தப் படிவைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்து, ஒன்றொன்றாக 300, 500 என்று எண்ணி எந்தச் செடி எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுவார்கள். இது புதிய வித்தை இல்லை, சுவிட்சர்லாந்தில் ஃபிஸ்டர் என்பவர் 1895-லேயே மகரந்தத்தை வைத்துத் தேனின் ஊரைச் சொல்ல முயன்றிருக்கிறார்.

வேலூரில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு தோழியின் தயவில் நானும் ஒரு தடவை அந்தத் தகட்டைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை, இளஞ்சிவப்புச் சாயத்தில் ஏதோ தூசி மாதிரி இருந்தது. குவியத்தைத் திருகத் திருகத்தான் ஒவ்வொன்றாகத் தெளிந்தது. மூன்று மூலை வைத்த சின்னச் சமோசா மாதிரி இருந்தது நாவல், உடம்பு முழுக்க வரிவரியாகக் கோடு போட்டிருந்தது புளி, ஒரு ஓரத்தில் படகு மாதிரி நீளமாகத் தென்னை. அந்தச் சமோசாவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எழுபதில் ஒரு பங்கு, அதற்குள் அவ்வளவு ஒழுங்கு! எழுந்து வர மனசே இல்லை.

இப்போது உங்கள் பாட்டிலுக்கு வருவோம். பொந்திலும் பெட்டியிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீ பெரும்பாலும் கூட்டைச் சுற்றி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்தான் மேயும், பாறையிலும் உயர்ந்த மரத்திலும் பெரிய ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீ இன்னும் கொஞ்சம் தூரம் போகும். அதனால் தகட்டில் தெரிவது அந்தச் சுற்றுவட்டாரத்தின் செடி கொடி மரம். நாவல், புளி, கடுக்காய், நெல்லி, புங்கம் என்று கலந்து வந்தால் நம் மலைக்காட்டோடு பொருந்துகிறது. பாதிக்கு மேல் வேலிக்காத்தான் வந்தால் அது பாலாற்றங்கரை, ஏரிக்கரைப் பக்கத்துத் தேன் என்று சந்தேகப்படலாம். வலை பின்னிய மாதிரி தோல் உள்ள கடுகு மகரந்தம் குவிந்து கிடந்தால் வடக்கே ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மாதிரி கடுகு வயல் பரந்து கிடக்கிற ஊரிலிருந்து டின்னில் வந்திருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ஜவ்வாது மலையில் அப்படிக் கடுகு வயல் கிடையாது. வெறும் வெல்லப்பாகாக இருந்தால் மகரந்தமே இருக்காது, இருந்தாலும் பேருக்கு ஒன்றிரண்டு.

ஒரு மகரந்தம் இருக்கிறது என்பதை வைத்து மட்டும் யாரும் ஊரைச் சொல்வதில்லை, புளி ஜவ்வாது மலை மேல் இருக்கும் ஜமுனாமரத்தூரிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. எது எதோடு சேர்ந்து வருகிறது, எது வரவே கூடாது, இரண்டையும் வைத்துத்தான் சொல்வார்கள். அதற்கு அந்த வட்டாரத்துப் பூக்களின் மகரந்தத்தை முன்கூட்டியே எடுத்துத் தகடு செய்து பெயர் எழுதி வைத்திருக்க வேண்டும். நாவலும் தைலமரமும் ஒரே குடும்பம், இரண்டும் முக்கோணம்தான், ஒப்பிட்டுப் பார்க்கத் தகடு இல்லையென்றால் அனுபவசாலியே தடுமாறுவார். 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இப்படி ஆயிரக்கணக்கான தகடுகள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம் பழைய வட ஆற்காட்டு மலைகளுக்கென்று தனியாக ஒரு தொகுப்பு, எந்த மாதம் எது பூக்கும் என்ற நாட்காட்டியோடு சேர்த்து, இங்கேயே ஒரு கல்லூரியில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மலையில் உயிரைப் பணயம் வைத்துத் தேன் எடுப்பவர்களின் சரக்கை, யாரோ பாகு காய்ச்சி விற்றதற்காக நாம் சந்தேகப்படுகிறோமே, அதற்கு அவர்கள் கையில் கொடுக்கக்கூடிய நல்ல சான்று இது.

தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போனால் நல்ல தேன், தீக்குச்சியை முக்கிப் பற்ற வைத்தால் எரிய வேண்டும், நாய் நக்காது, இதெல்லாம் உண்மையா?
வாசகர், ஆம்பூர்

இல்லை ஐயா. கெட்டியாகக் காய்ச்சிய பாகும் அடியில்தான் போகும். தீக்குச்சி எரிவது தேனில் ஈரம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது, மழைக்காலத்தில் எடுத்த அசல் தேன் அதில் தோற்றுவிடும். உறைந்து சர்க்கரை மாதிரி ஆனதும் கலப்படம் என்று தூக்கிப் போடாதீர்கள், நல்ல தேனும் உறையும், கடுகுத் தேன் எல்லாம் சீக்கிரமே உறைந்துவிடும். நாயை விட்டுவிடுங்கள்.

பெரிய கடையில் வாங்கிய தேனில் மகரந்தமே இல்லை என்றால் அது போலித் தேன்தானே?
வாசகி, ஆற்காடு

அப்படி அடித்துச் சொல்ல முடியாது. மிக நுண்ணிய வடிகட்டியில் அழுத்தம் கொடுத்து வடித்தால் அசல் தேனிலிருந்தும் மகரந்தம் போய்விடும். அப்புறம் அது எந்த ஊர்த் தேன் என்று மகரந்தத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது, எனக்கு அதில்தான் வருத்தம்.

மறுபக்கமும் உண்டு. மகரந்தம் நிறைய இருப்பதாலேயே கலப்படம் இல்லை என்றும் சொல்ல முடியாது, நல்ல தேனில் பாதிக்குப் பாதி பாகைக் கலந்தாலும் மகரந்தம் இருக்கத்தானே செய்யும். அதற்கு வேறு சோதனைகள் வேண்டும். கரும்பு, மக்காச்சோளப் பாகைக் கரிம ஐசோடோப்பு (எடை கொஞ்சம் வேறுபடும் கரிம அணு வகைகள்) அளவை வைத்துப் பிடித்துவிடலாம், அரிசிப் பாகு அதில் சிக்காது. 2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனை ஜெர்மனிக்கு அனுப்பி என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் வைத்துத் தேனில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்கும்) சோதனை செய்தபோது 3 மட்டுமே தேறின என்று சொன்னது நினைவிருக்கும். எந்த ஊர், எந்தப் பூ என்று கேட்டால்தான் மகரந்தத்திடம் போக வேண்டும், சர்க்கரை கலந்திருக்கிறதா என்று கேட்டால் அந்தச் சோதனைகளிடம்.

மாந்தோப்பில் இருபது பெட்டி வைத்திருக்கிறேன். சுற்றிலும் தென்னை. "மாம்பூத் தேன்" என்று லேபிள் ஒட்டி விற்கலாமா?
தேனீ வளர்ப்பவர், குடியாத்தம்

பெட்டி மாந்தோப்பில் இருப்பதால் மட்டும் அது மாம்பூத் தேன் ஆகிவிடாது. பொதுவாக ஒரு செடியின் மகரந்தம் 45 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதை ஒரு பூத் தேன் என்பார்கள். மாம்பூவுக்கு வருவதில் ஈக்களின் பங்கு பெரிது. தென்னையோ வருஷம் முழுக்கப் பாளை விடும், தேனீ அதில் மகரந்தத்தை அள்ளிக்கொண்டு வரும். சோதித்தால் உங்கள் தேனில் மாமரத்தை விடத் தென்னை மேலே நிற்கலாம்.

இந்த 45 எல்லாச் செடிக்கும் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தொட்டாற்சிணுங்கி மகரந்தம் மிகச் சிறியது, கொஞ்சம் மேய்ந்தாலே தகடு முழுக்க அதுவாகத் தெரியும். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் நேர்மாறு, தேன் நிறைய வரும், மகரந்தம் குறைவாகவே தெரியும். கன்னியாகுமரி ரப்பர் தேன் இன்னும் விசேஷம். ரப்பர் மரத்தில் பூவிலிருந்து இல்லாமல் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது, அதனால் ரப்பர் தேனில் ரப்பர் மகரந்தத்தைத் தேடினால் கிடைப்பது அரிது! அப்புறம், அடையைக் கையால் பிழிந்தால் தேனீ சேமித்து வைத்த மகரந்தமும் சேர்ந்து கலந்து கணக்கையே மாற்றிவிடும், எந்திரத்தில் சுற்றி எடுத்ததைத்தான் சோதனைக்கு அனுப்புங்கள்.

இப்போதைக்கு "பல பூத் தேன், குடியாத்தம், எடுத்த மாதம் இது" என்று ஒட்டுங்கள். வாங்குபவருக்கு அதுவே போதுமான மரியாதை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நுண்ணோக்கி இருக்கிறது, மையவிலக்குக் கருவி இல்லை. நாங்களே பார்க்க முடியுமா?
பிளஸ் டூ மாணவன், திருப்பத்தூர்

தாராளமாக, தம்பி. இரண்டு ஸ்பூன் தேனை நாலு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் கரைத்துச் சோதனைக் குழாயில் ஊற்றி ஆட்டாமல் ஒரு ராத்திரி நிறுத்தி வை. காலையில் மேலே உள்ளதை மெதுவாகச் சாய்த்துக் கொட்டிவிட்டு, அடியில் நிற்பதில் ஒரு சொட்டைத் தகட்டில் விட்டு ஒரு துளி சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் சேர்த்துக் கண்ணாடி மூடியை வை. 400 மடங்கில் பார், ஓரத்தில் காற்றுக் குமிழியைப் பார்த்து மகரந்தம் என்று ஏமாந்துவிடாதே, குமிழிக்குக் கறுப்பு விளிம்பு தடிமனாக இருக்கும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பூத்திருக்கும் வேம்பு, புங்கம், வேலிக்காத்தான், எள், சூரியகாந்தி ஒவ்வொன்றிலும் மகரந்தப் பையைத் தட்டித் தனித்தனித் தகடு செய், பெயர், தேதி, இடம் மூன்றையும் எழுதி ஒட்டு. சூரியகாந்தி முள் முள்ளாக இருக்கும், எள்ளைப் பார்த்தால் பரங்கிக்காய் மாதிரி பள்ளம் பள்ளமாக ஓடும், அது இரண்டையும் ஒரு தடவை பார்த்தால் மறக்காது. தேன் தகட்டில் பெயர் தெரியாமல் ஏதாவது வந்தால் நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியில் செல்போனை வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, என் தோழியிடம் காட்டி அடுத்த இதழில் சொல்கிறேன்.