ஹோட்டல் கார்டு: மூவாயிரத்துக்கா, அறுபதாயிரத்துக்கா?

கேள்வி: மொத்த வியாபாரம் செய்கிறேன். கொள்முதலுக்காகச் சென்னை, பெங்களூரு என்று போய் வருவேன். மேரியட் ஹோட்டல் பெயரில் எச்டிஎஃப்சி தரும் கார்டை எடுக்கச் சொல்லி வங்கியிலிருந்து போன் மேல் போன் வருகிறது. கட்டணம் 3,000 ரூபாய். நண்பரோ, "எடுத்தால் அமெக்ஸ் பிளாட்டினம் எடுங்கள், ராஜ மரியாதை" என்கிறார். அந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டுக்கு வருடம் அறுபதாயிரத்துக்கு மேல். எது லாபம்?
– வாசகர், கீழமாசி வீதி, மதுரை

பதில்: போகிற ஊரில் இப்போது எங்கே தங்குகிறீர்கள், ஒரு இரவுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? அதைச் சொல்லிவிட்டால் பாதிப் பதில் வந்துவிடும்.

மேரியட் கார்டுக்கு 3,000 ரூபாயோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 3,540 ரூபாய் பில்லில் வரும். அதற்கு ஈடாக வருடத்துக்கு ஒரு இலவச இரவு. அந்த இரவுக்கு உச்சவரம்பு உண்டு: மேரியட்டின் 'பான்வாய்' உறுப்பினர் திட்டத்தில் அறைக்குப் புள்ளியில் ஒரு விலை இருக்கும், அது 15,000 புள்ளிக்குள் இருக்க வேண்டும். 'பன்னிரண்டாயிரம் ரூபாய் அறை சும்மா கிடைக்கும் சார்' என்று போனில் சொல்வார்கள். அந்தக் கணக்கு வேண்டாம். நீங்கள் கையிலிருந்து கொடுத்திருக்கக்கூடிய தொகைதான் உங்கள் லாபம். வழக்கமாக 6,500 ரூபாய் அறையில் தங்குபவர் என்றால், 5 சதவீத ஜிஎஸ்டியோடு 6,825 ரூபாய் மிச்சம். கட்டணம் போக 3,285 நிற்கும். 2,500 ரூபாய் லாட்ஜே போதும் என்று இருப்பவருக்கு அதே இலவச இரவு 2,500 ரூபாய்தான் பெறும். கட்டணத்தைக் கழித்தால் 1,040 ரூபாய் நஷ்டம். கார்டு ஒன்றுதான், ஆள்தான் வேறு.

இனி அந்த 'ராஜ மரியாதை'. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அமெக்ஸ் பிளாட்டினம் கார்டு வைத்திருந்தால் மேரியட்டில் பிளாட்டினம் உறுப்பினர் ஆகிவிட மாட்டீர்கள். அங்கே சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று ஏறும் படிகளில் கோல்டு நிலைதான் கிடைக்கும். மேரியட் கோல்டில் புள்ளி 25 சதவீதம் கூடுதல், இருந்தால் கொஞ்சம் நல்ல அறை, இடமிருந்தால் மதியம் 2 மணி வரை தங்கிக்கொள்ளலாம். காலை டிபன் கிடையாது. அது பிளாட்டினம் நிலையிலிருந்துதான். அதற்கு வருடத்தில் 50 இரவுகள் கணக்கில் ஏற வேண்டும். மூவாயிரம் ரூபாய் கார்டு தருவது சில்வர் நிலை. 10 சதவீதக் கூடுதல் புள்ளியைத் தவிர அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கார்டு வருடத்துக்கு 10 இரவுகளைக் கணக்கில் ஏற்றித் தரும். மாதம் மூன்று நான்கு இரவு மேரியட்டிலேயே தங்குபவருக்கு அது நல்ல கைதூக்கல்.

ஹில்டன் ஹோட்டல்களில் கதை வேறு. அதே அமெக்ஸ் பிளாட்டினம் ஹில்டனிலும் கோல்டு நிலை தருகிறது. அங்கே கோல்டுக்கே காலை உணவு உண்டு. ஆகவே சென்னையிலும் பெங்களூரிலும் ஹில்டனில் வருடம் முப்பது நாற்பது இரவு போடுபவர், கூடவே வெளிநாடும் போய்வருபவர், அந்தக் கட்டணத்தை மீட்டுவிடுவார். மாதம் ஒருமுறை போய்வரும் வியாபாரிக்கு அது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. அமெக்ஸ் எடுப்பதென்று முடிவு செய்தாலும், உங்கள் பின்கோடுக்கு அவர்கள் கார்டு தருகிறார்களா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: மகள் கல்யாணத்துக்குத் தெற்காவணி மூல வீதியில் 6 லட்சத்துக்கு நகை எடுக்கப் போகிறோம். மேரியட் கார்டில் 6 லட்சம் செலவழித்தால் இன்னொரு இரவு இலவசமாமே? கார்டிலேயே போட்டுவிடலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: வருடச் செலவு 6 லட்சம், 9 லட்சம், 15 லட்சம் தொடும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு இரவு கூடும் என்பது உண்மை. ஆனால் கடையில் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "கார்டுக்கு எத்தனை சதவீதம் சேர்ப்பீர்கள்?"

2 சதவீதம் என்றால் 6 லட்சத்துக்கு 12,000 ரூபாய். கார்டு திருப்பித் தருவது என்ன? ஹோட்டல், பயணம், சாப்பாடு அல்லாத செலவுக்கு 150 ரூபாய்க்கு 2 புள்ளி. 6 லட்சத்துக்கு 8,000 புள்ளி. ஒரு புள்ளியை 60 பைசா என்று வையுங்கள் (இது எங்கள் மதிப்பீடு, அறையைப் பொறுத்துக் கூடும் குறையும்): 4,800 ரூபாய். கூடுதல் இரவு, முன்பு சொன்ன 6,500 ரூபாய் அறைக் கணக்கில், 6,825. மொத்தம் 11,625. புள்ளி முழுசாக ஏறினாலும் உங்களுக்கு 375 ரூபாய் கைநஷ்டம். கடைக்காரர் ஒன்றும் சேர்க்க மாட்டேன் என்றால் மட்டும் போடுங்கள். அப்போதும் பில்லில் உள்ள கடைசித் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். வட்டி ஓட ஆரம்பித்தால், மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தாலே 6 லட்சத்துக்கு ஒரே மாதத்தில் 21,000 ரூபாய்.

இன்னொன்று, மேரியட் கார்டு விசா, மாஸ்டர்கார்டு அல்ல, டைனர்ஸ் கிளப் என்ற வேறொரு நெட்வொர்க் கார்டு. பெரிய நகைக்கடை மெஷினில் ஓடும், சின்னக் கடையில் தகராறு செய்யலாம். யுபிஐ-யில் இணைக்கவும் முடியாது. கிரெடிட் கார்டில் ரூபேவுக்கு மட்டுமே அந்த வசதி. மளிகை, மருந்து, காய்கறி எல்லாம் க்யூஆர் ஸ்கேனில் போகிற வீட்டில் 6 லட்சத்தை டைனர்ஸில் எட்டுவது லேசான காரியமில்லை. பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் ஏற்றும் பணம் இவற்றுக்குப் புள்ளி எதிர்பார்க்காதீர்கள்.

அதனால்தான் டாடா நியூ இன்ஃபினிட்டி போன்ற கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். கட்டணம் 1,499, வருடம் 3 லட்சம் செலவழித்தால் தள்ளுபடி. பொதுச் செலவுக்கு 1.5 சதவீதம் நியூகாயின் (டாடா குழுமத்தில் செலவழிக்கும் புள்ளி), ஒரு காயின் ஒரு ரூபாய். 6 லட்சத்துக்கு 9,000 ரூபாய். பசுமலை கேட்வே உட்பட தாஜ் குழும ஹோட்டல்களிலும் செலவழிக்கலாம், மளிகைக்கும் செலவழிக்கலாம். மேரியட் கார்டில் அதே 6 லட்சத்துக்கு இரண்டு இரவு, 8,000 புள்ளி, கட்டணம் போக 14,910 ரூபாய் வரும். ஆனால் அந்த இரண்டு இரவையும் நீங்கள் நிஜமாகவே தங்கித் தீர்க்க வேண்டும். ஒரு இரவு காலாவதியானால் 8,085. காயினே மேல்.

கேள்வி: சித்திரைத் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது. என் மேரியட் கார்டின் இலவச இரவில் அழகர்கோவில் சாலையில் உள்ள மேரியட்டின் கோர்ட்யார்டு ஹோட்டலில் அவர்களைத் தங்கவைக்க முடியுமா?
– வாசகர், கே.கே. நகர், மதுரை

பதில்: சிரமம்தான், இரண்டு காரணம். இலவச இரவு உங்கள் கணக்கோடு ஒட்டியது. தம்பிக்கு மாற்ற முடியாது. புள்ளியாக இருந்தால் அவர் பெயரில் அறை எடுத்துக் கொடுக்கலாம். அடுத்தது, 2022-லிருந்து மேரியட்டில் நிலையான புள்ளிப் பட்டியல் இல்லை. கிராக்கி கூடினால் அறைக்கான புள்ளியும் ஏறும். திருக்கல்யாணம், அழகர் ஆற்றில் இறங்கும் நாள் என்றால் 15,000-ஐத் தாண்டிவிட வாய்ப்புண்டு. தாண்டினால் உங்கள் கையிருப்பிலிருந்து 15,000 புள்ளி வரை சேர்த்துக் கட்டலாம். திருவிழாத் தேதி தெரிந்ததும் பதிவு செய்துவிடுங்கள்; கெடுவுக்குள் ரத்து செய்தால் இரவு திரும்பக் கணக்குக்கு வந்துவிடும், ஆனால் பழைய காலாவதித் தேதியோடுதான். அந்தத் தேதிக்குள் பதிவு செய்தால் போதாது, தங்கியே முடித்திருக்க வேண்டும்.

கேள்வி: மகள் டல்லாஸில் வேலை பார்க்கிறாள். நாங்கள் இந்த வருடம் மூன்று மாதம் அங்கே போகிறோம். ஹில்டன் பெயரில் அங்கே தரும் ஆஸ்பயர், சர்பாஸ் கார்டுகள் இரண்டில் எதை எடுப்பது என்று குழம்புகிறாள்.
– வாசகி, மேலூர்

பதில்: 2023 அக்டோபரில் ஆஸ்பயர் கட்டணம் 450 டாலரிலிருந்து 550 ஆனது; சர்பாஸ் 95-லிருந்து 150. ஆஸ்பயர் வருடத்துக்குத் திருப்பித் தரும் 400 டாலர், அரையாண்டுக்கு 200 வீதம், ஹில்டன் ரிசார்ட்டுகளில் மட்டுமே செல்லும். உங்களைக் காரில் அழைத்துக்கொண்டு நெடுஞ்சாலையோர ஹேம்ப்டனில் (ஹில்டனின் சாதாரண ஹோட்டல்) தங்கும் பயணத்துக்கு அது பைசா பிரயோஜனமில்லை. சர்பாஸ் காலாண்டுக்கு 50 டாலர் திருப்பித் தருவது எந்த ஹில்டன் ஹோட்டலிலும் ஓடும். மூன்று காலாண்டு பயன்படுத்தினாலே கட்டணம் வந்துவிடும். சர்பாஸின் கோல்டு நிலைக்கு ஹேம்ப்டனில் காலை உணவு என்று மதிப்புப் போட வேண்டாம், அங்கே எல்லோருக்குமே இலவசம். வருடம் இரண்டு முறை ரிசார்ட்டுக்குப் போகிற பழக்கம் மகளுக்கு ஏற்கெனவே இருந்தால் மட்டும் ஆஸ்பயர்.

கேள்வி: கிளப் மேரியட், பான்வாய் இரண்டும் ஒன்றா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: இல்லை. பான்வாய் மேரியட்டில் இலவசமாகச் சேரும் புள்ளிக் கணக்கு. கிளப் மேரியட் பணம் கட்டிச் சேரும் சாப்பாட்டுத் தள்ளுபடித் திட்டம். கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது ஏற்கெனவே உள்ள பான்வாய் எண்ணையும் அதே மின்னஞ்சலையும் கொடுங்கள். வேறு மின்னஞ்சல் கொடுத்தால் புதுக் கணக்கு ஒன்று திறந்து, புள்ளி அங்கே போய் உட்காரும்.

கேள்வி: மேரியட் கார்டை மூட வேண்டும் என்று சொல்லியும் இழுத்தடிக்கிறார்கள். சேர்த்த புள்ளி போய்விடுமா?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: பாக்கி முழுவதையும் கட்டிவிட்டு, எழுத்தில் கேளுங்கள், போனில் சொன்னதோடு விடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பான்வாய் கணக்குக்கு ஏற்கெனவே வந்துவிட்ட புள்ளி அங்கேயே இருக்கும். 24 மாதம் எந்த அசைவும் இல்லாவிட்டால்தான் அழியும். கடைசி மாதப் புள்ளி ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு, அடுத்த வருடக் கட்டணம் பில்லில் விழுவதற்கு முன்பே கடிதத்தை அனுப்புங்கள்.