யார் கையில், யார் மேல்?

கேள்வி: பால்டர்ஸ் கேட் 3 என்ற கம்ப்யூட்டர் கேமை ஆடத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. பையில் முப்பது ஆயுதங்கள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. டேமேஜ் அதிகம் காட்டுகிற இருகைப் பெருவாளைத் தேடிப்பிடித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். ஆனாலும் தோற்கிறேன். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்களே, அப்புறம் எந்த ஆயுதமாக இருந்தால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்: இருப்பதிலேயே சிறந்த ஆயுதம் எது?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: ஒரே வரியில் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டது பாதிக் கேள்விதான். யார் கையில், யார் மேல் என்ற மீதிப் பாதியை விட்டுவிட்டீர்கள். நீங்கள் தோற்கிற காரணமும் அந்த மீதியில்தான் இருக்கிறது.

முதலில் கையைப் பார்ப்போம். உங்கள் குழுவில் ஆஸ்டாரியன் இருப்பான். அவன் கையிலும் பெருவாள்தானே? அவனுடைய தொடக்கப் புள்ளிகளை எடுத்துப் பாருங்கள். உடல் வலிமை 8, சுறுசுறுப்பு 17. பெருவாள் வலிமையைக் கேட்கும். அங்கே அவனுக்கு ஒரு புள்ளி நஷ்டம். குத்துவாளோ வலிமை, சுறுசுறுப்பு இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும். அங்கே மூன்று புள்ளி லாபம். பெருவாளில் அவனுக்குப் பயிற்சி கிடையாது, குத்துவாளில் உண்டு. அதற்கு ஆரம்ப லெவல்களில் இன்னும் இரண்டு புள்ளி. ஆக மொத்தம் ஆறு புள்ளி வித்தியாசம். அடி படுமா என்று முடிவு செய்யும் இருபது முகப் பகடையில் ஒரு புள்ளி என்பது நூற்றுக்கு ஐந்து. அதாவது, அவன் வீசுகிற நூறு வீச்சில் முப்பதை நீங்களே காற்றில் விடுகிறீர்கள்.

அது மட்டுமில்லை. அவன் திருடன் வகுப்பு. எதிரியின் பக்கத்தில் நம் ஆள் நிற்கும்போதோ, மறைந்திருந்து பாயும்போதோ அவனுக்குக் கூடுதல் பகடைகள் கிடைக்கும். அந்தச் சலுகை வில்லுக்கும், குத்துவாள் போன்ற நளினமான ஆயுதங்களுக்கும் மட்டும்தான். மூன்றாம் லெவலில் கணக்குப் போடுங்கள். குத்துவாளின் சராசரி 2.5, சுறுசுறுப்புக்கு 3, மறைவுத் தாக்குதலின் இரண்டு பகடைக்கு 7. மொத்தம் 12.5. பெருவாளின் சராசரி 7, அதில் வலிமைக் குறைவு 1 போனால் 6. ஆயுதங்களின் எண்ணை மட்டும் பார்த்தால் குத்துவாள் பெருவாளில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். அவன் கைக்கு வந்ததும் அதுவே இரண்டு மடங்காகிவிடுகிறது. இதை யாரும் உங்களிடமிருந்து ஒளித்து வைக்கவில்லை. ஆயுதத்தின் மேல் சுட்டியை வைத்து நாலு வரி படித்திருந்தால் போதும்.

சரி, வலிமை உள்ளவர்கள் கையில் பெருவாள்தான் சிறந்ததா? அதே இடத்தில் பெருங்கோடரியும் இருக்கிறது. வாளுக்கு ஆறு முகப் பகடை இரண்டு, கோடரிக்குப் பன்னிரண்டு முகப் பகடை ஒன்று. இரண்டிலும் உச்சம் 12. ஆனால் வாள் 3 அல்லது அதற்குக் கீழே விழுவது பன்னிரண்டு முறைக்கு ஒரு முறை. கோடரி நான்கு முறைக்கு ஒரு முறை விழும். அதே சமயம் முழு 12 கோடரிக்குப் பன்னிரண்டில் ஒரு முறை கிடைக்கும், வாளுக்கு முப்பத்தாறில் ஒரு முறைதான். சராசரியில் வாளுக்கு 7, கோடரிக்கு 6.5. அரைப் புள்ளி முந்துகிறது என்று வாளை எடுப்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எதிரிக்கு 11 உயிர்ப்புள்ளி மீதியிருக்கிறது, இந்த அடியில் அவன் விழாவிட்டால் நம் ஆள் சாவான் என்ற நிலையில் நான் கோடரியைத்தான் நம்புவேன். வலிமை போனஸைச் சேர்க்காமல் பார்த்தால் 11 அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்பு கோடரிக்கு ஆறில் ஒன்று, வாளுக்குப் பன்னிரண்டில் ஒன்று. சராசரி என்பது நூறு அடிக்கான கணக்கு. நம் கையில் இருப்பது ஒரே ஓர் அடி.

இந்த வித்தியாசங்கள் தொடக்கத்திலிருந்தே இருந்தவை அல்ல. இந்த கேமுக்கு அடிப்படையான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை ஆட்டம் 1974-ல் வெளிவந்தபோது எல்லா ஆயுதத்துக்கும் ஒரே ஆறு முகப் பகடைதான். குத்துவாளும் பெருவாளும் ஒன்று. 1975-ல் வந்த கிரேஹாக் என்ற துணைநூலில்தான் ஆயுதத்துக்கு ஆயுதம் பகடை மாறியது. நீங்கள் எல்லோருக்கும் ஒரே வாளைக் கொடுத்திருப்பது, 1975-க்கு முந்தைய ஆட்டத்துக்குத் திரும்பிப் போவதுதான். ஐம்பது வருட உழைப்பை ஏன் தூக்கி எறிகிறீர்கள்?

இனி, யார் மேல். வெட்டு, குத்து, மொத்து என்று அடி மூன்று வகை. எலும்புக்கூட்டின் மேல் மொத்தும் அடி இரட்டிப்பாக இறங்கும் என்பது மேஜை ஆட்டத்தின் பழகிய விதி. சதையே இல்லாத உடம்பில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது, உடைக்கத்தான் வேண்டும் என்று யோசித்தாலே புரியும். இங்கே ஓர் உதாரணத்தை மட்டும் உடைத்துச் சொல்கிறேன். சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் இதைத் தானாகக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் ஒரு முறைதான் கிடைக்கும். பாதாளத்தில் அடமன்டைன் உலைக்களம் இருக்கிறது. அங்கே கிரிம் என்ற உலோகப் பூதம் எழுந்து வரும். முதல் முறை என் வாள் அதன் மேல் பட்டபோது எந்தச் சேதமும் இல்லை. ஓடினேன், செத்தேன், மறுபடி போனேன். அப்புறம்தான் எரிகுழம்பின் வால்வு கண்ணில் பட்டது. அந்தக் குழம்பில் நின்று பூதம் பழுக்கக் காய்ந்தால்தான் அடி ஏறும். அப்போதும் மொத்தும் அடிக்குத்தான் அது இரட்டிப்பாகப் பணியும். பையின் அடியில் விற்பதற்காகப் போட்டு வைத்திருந்த சாதாரணச் சம்மட்டியை எடுத்தேன். அந்த நிமிடம் எனக்குக் கிடைத்ததை எந்தப் பட்டியலும் உங்களுக்குத் தராது.

இப்போது உங்கள் பழமொழிக்கு வருகிறேன். புல் எதுவானாலும் பரவாயில்லை என்று அது சொல்லவில்லை. எந்தப் புல்லை எங்கே பயன்படுத்துவது என்று தெரிந்தவனைத்தான் அது வல்லவன் என்கிறது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு மேஜை விதிகளில் ட்ரோல் என்ற அரக்கனைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு 10 உயிர்ப்புள்ளி தானாகத் திரும்பி வரும். பெருவாளால் அதைக் கீழே சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினால், அடுத்த முறைக்கு அது எழுந்து நிற்கும். தீயோ அமிலமோ பட்டால் மட்டும் அதன் அடுத்த முறைக்கு உயிர்ப்புள்ளி திரும்பி வராது. எரிகிற தீப்பந்தத்தால் அடித்தால் எவ்வளவு தீச்சேதம் தெரியுமா? 1 புள்ளி. சாய்ந்து கிடக்கிற ட்ரோலுக்கு அந்த 1 புள்ளிதான் மரணம். பன்னிரண்டு பன்னிரண்டாக வெட்டித் தள்ளிய வாள்காரனால் முடியாததை, இருட்டுக்கு வெளிச்சம் காட்டப் பந்தம் பிடித்து வந்தவன் முடித்துவைப்பான். உங்கள் பழமொழிக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது.

பொறுமை இல்லை என்கிறீர்கள். தோற்ற சண்டையையே மறுபடி மறுபடி ஆடுவதற்குப் பொறுமை இருக்கிறதே! அதில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் திருப்புங்கள். சண்டை தொடங்குமுன் எதிரியின் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘எக்ஸாமின்’ பாருங்கள். எந்த அடி பாதியாகும், எது இரட்டிப்பாகும் என்று அங்கேயே இருக்கும். ஒரு நீண்ட கழியை உங்கள் குழுவின் மந்திரவாதி கேலுக்குக் கொடுத்துப் பாருங்கள். டேமேஜில் அது ஏழை. ஆனால் ஒவ்வொரு ஓய்வுக்கும் ஒரு முறை எதிரியைத் தரையில் வீழ்த்தப் பார்க்கும். விழுந்து கிடப்பவனைப் பக்கத்தில் நின்று அடிப்பது மற்றவர்களுக்கு எவ்வளவு சுலபம் என்று நீங்களே பாருங்கள். விற்கப் போகிற முப்பதில் ஒரு சம்மட்டியை வைத்துக்கொள்ளுங்கள். பெருவாளை வலிமை 17-ஓடு வருகிற போர்வீராங்கனை லாயெசெலிடம் விட்டுவையுங்கள், அவள் அதற்குப் பயின்றவள். ஆஸ்டாரியனிடமிருந்து மட்டும் இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.