கட்டியை எடுத்துவிடுவதா, ஆறு மாதம் பொறுப்பதா?

கேள்வி: எனக்கு வயது 46. கோத்தகிரி பக்கம் ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. இலை பறிப்பது பெரும்பாலும் நான்தான். ஏப்ரல் கடைசியில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. மே முதல் வாரம் கோவையில் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) ஸ்கேனும் எடுத்தோம். '12 மி.மீ. கட்டி, நீள்வட்டம், ஓரம் தெளிவாக உள்ளது, பை-ராட்ஸ் 3' என்று ரிப்போர்ட். ஒரு சர்ஜன், ஆபரேஷன் செய்து எடுத்துப் பார்த்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்கிறார். ஊசி குத்தினாலோ கத்தி வைத்தாலோ பரவிவிடும் என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. இலை மூட்டையின் பட்டை அழுத்தி இந்தக் கட்டி வந்திருக்குமா? 22 வயது மகளுக்கும் இப்போதே மேமோகிராம் எடுக்க வேண்டுமா?

பதில்: முதலில் அந்த 3 என்ற எண்ணைப் பார்ப்போம். மேமோகிராமையும் ஸ்கேனையும் பார்க்கும் ரேடியாலஜி டாக்டர்கள், தாங்கள் கண்டதை 0 முதல் 6 வரை எண் போட்டு வகைப்படுத்துகிறார்கள். அந்த வரிசைக்குப் பெயர்தான் பை-ராட்ஸ். 0 என்றால் இன்னும் படம் தேவை. 1, 2 என்றால் பயமில்லை. 3 என்றால் 'அநேகமாகச் சாதாரணக் கட்டி'. இப்படி ரிப்போர்ட் வரும் 100 பேரில் புற்றுநோயாக இருப்பது அதிகபட்சம் 2 பேருக்கு. 4 வந்தால் கதை வேறு. அதிலேயே 4ஏ என்றால் 100-க்கு 2 முதல் 10 வரை, 4சி என்றால் பாதிக்கும் மேல். 5 என்றால் 95-க்கும் மேல். 6 என்பது ஏற்கெனவே உறுதியான நோய். 4 அல்லது 5 வந்தவர்கள் பொறுத்துப் பார்ப்பதைப் பற்றி யோசிக்கவே கூடாது. உங்களுக்கு வந்திருப்பது 3. அதனால்தான் இரண்டாவது டாக்டர் அவசரப்படவில்லை. அவர் சொன்னதில் தப்பில்லை.

முதல் டாக்டர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டியை எடுத்துப் பார்த்துத்தான் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற காலம் போய்விட்டது. கத்திக்கும் காத்திருப்பதற்கும் நடுவே ஊசி இருக்கிறது. அதை இரண்டு பேருமே உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

'கோர் பயாப்ஸி' என்று கேளுங்கள். மரத்துப்போக ஒரு ஊசி போட்டு, ஸ்கேனில் கட்டியைப் பார்த்துக்கொண்டே, சற்றுத் தடித்த ஊசியால் சேமியாத் துண்டு போல மூன்று நான்கு சதைத் துணுக்குகளை எடுப்பார்கள். மயக்க மருந்து வேண்டாம், தையலும் வேண்டாம், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த இடம் சில நாள் கன்றிப்போயிருக்கும். இரண்டு நாள் மூட்டை தூக்காமல் இருங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவரானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் பழைய பரிசோதனையும் உண்டு. மார்பகக் கட்டிக்கு அதைவிடக் கோர் பயாப்ஸியில்தான் விவரம் அதிகம் கிடைக்கும்.

நேராக ஆபரேஷன் ஏன் வேண்டாம் என்கிறேன்? அந்தக் கட்டி சாதாரணமானதாக இருந்தால், தேவையில்லாத ஒரு தழும்பு மிஞ்சும். உள்ளே ஏற்படும் தழும்பு பிற்பாடு எடுக்கும் மேமோகிராமில் நிழலாக விழுந்து குழப்பவும் செய்யும். ஒருவேளை புற்றுநோயாக இருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். என்ன நோய் என்று தெரியாமல் எடுத்த கட்டியைச் சுற்றி ஓரத்தில் மிச்சம் இருக்கலாம், அக்குள் நெறிக்கட்டிகளையும் பார்க்க வேண்டியிருக்கும், ஆக இரண்டாவது ஆபரேஷன். சிலருக்கு இப்போது முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகுதான் அறுவை செய்கிறார்கள். கட்டியை முன்பே எடுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

அப்புறம், கத்திக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ஊசியில் வந்த துணுக்குகளில் இயல்பு மாறிய செல்கள் தெரிந்தால், ஊசி முடிவும் ஸ்கேன் படமும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால், கட்டி வேகமாக வளர்ந்தால், ஊசி எட்டாத இடத்தில் இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். இப்போதைக்கு உங்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

சரி, ஊசியா, பொறுப்பதா? ரிப்போர்ட்டை மட்டும் வைத்துச் சொன்னால் ஆறு மாதம் பொறுக்கலாம். உங்கள் வயதையும், கட்டி கைக்கே தட்டுப்படுவதையும், பெரியம்மாவையும் சேர்த்துப் பார்த்தால் என் மனம் ஊசிப் பக்கம் சாய்கிறது. இன்னொரு கணக்கும் உண்டு. ஆறு மாதமும் தூக்கம் வராமல் தவிப்பீர்கள் என்றாலோ, தோட்ட வேலையில் தேதி தவறிப் போய்விடும் என்று தோன்றினாலோ, பேசாமல் ஊசியைப் போட்டு முடித்துவிடுங்கள். பொறுத்துப் பார்ப்பது என்பது தேதி குறித்துக்கொண்டு 6, 12, 24-ஆம் மாதங்களில் மறுபடி படம் எடுத்துப் பழையதோடு ஒப்பிடுவது. சும்மா விட்டுவிடுவதல்ல. மலையில் இருப்பவர்கள் பலர் இதைத்தான் தவற விடுகிறார்கள்.

உங்கள் ஆறாவது மாதம் நவம்பர் தொடக்கத்தில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2009 நவம்பர் நிலச்சரிவை யார் மறப்பார்கள்? மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டால் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று ஆகி, பொங்கலும் தாண்டிவிடும். பொறுக்க முடிவு செய்தால், அக்டோபர் பாதியிலேயே போய் வந்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் முந்துவதால் ஒன்றும் கெடாது. முடிந்தவரை அதே சென்டரில் எடுங்கள், பழைய பிலிமையும் ரிப்போர்ட்டையும் மறக்காமல் கொண்டு போங்கள். மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரத்தில் எடுத்தால் மேமோகிராமின் அழுத்தம் அவ்வளவாக வலிக்காது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்துக் கோர் பயாப்ஸி செய்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் கோவை அரசு மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

கட்டி பெரிதாவது, தோல் குழி விழுவது, காம்பு புதிதாக உள்ளே இழுப்பது, ரத்தம் கலந்த கசிவு, அக்குளில் கட்டி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

ஊசி குத்தினால் பரவும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. இந்தப் பயத்தால் மாதக்கணக்கில் பத்துப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, கட்டி முற்றிய பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும். மூட்டைப் பட்டை அழுத்திப் புற்றுநோய் வராது. பட்டை உரசும்போது இருக்கிற கட்டி கையில் தட்டுப்படலாம், அவ்வளவுதான்.

பெரியம்மாவுக்கு எந்த வயதில் வந்தது என்று எழுதவில்லை. விசாரியுங்கள். 50 வயதுக்கு முன்பு வந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது சினைப்பைப் புற்றுநோய் இருந்தாலோ, அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மரபணுப் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார். மகளுக்கு இப்போது மேமோகிராம் வேண்டாம். 22 வயதில் மார்பு அடர்த்தியாக இருக்கும், மேமோகிராமில் தெளிவாகத் தெரியாது. அவளுக்கே ஏதாவது கட்டி தட்டுப்பட்டால் மட்டும் ஸ்கேன் எடுக்கலாம்.