சிறைக்குள் மனநோய்: சேலத்துக் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (ஏற்காடு): சார், தம்பியை ரிமாண்ட் பண்ணி சேலம் மத்திய சிறையில வச்சிருக்காங்க. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடறவன். மனு பார்க்க, அதான் நேர்ல சந்திக்கப் போனப்ப மாத்திரையைக் கொடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டாங்க.

பதில்: அக்கா, போதை மாத்திரை உள்ளே போய்விடக் கூடாது என்பதால் வாசலில் எந்த மாத்திரையையும் வாங்கத் தயங்குவார்கள். அதனால் சீட்டை உள்ளே அனுப்புங்கள். ஓ.பி. சீட்டு, கடைசி மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுங்கள். ஒரு செட்டை சிறைக் கண்காணிப்பாளருக்கு மனுவோடு கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, கடைசியாக என்றைக்குச் சாப்பிட்டான், முன்பு நிறுத்தியபோது என்ன ஆனது என்பதெல்லாம் மனுவில் இருக்கட்டும்.

இன்னொரு செட் வக்கீல் வழியாக மாஜிஸ்திரேட்டுக்குப் போகட்டும். "மருத்துவ வசதி செய்து தரவும்" என்ற பொத்தாம்பொதுவான உத்தரவால் பெரிய பயன் இல்லை. மனநல மருத்துவர் பார்க்க வேண்டும், இன்னின்ன மருந்து தொடர வேண்டும், அடுத்த வாய்தாவில் அறிக்கை தர வேண்டும் என்று பிரித்துக் கேளுங்கள். வக்கீல் இல்லையென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

கேள்வி (அதே அக்கா): லித்தியமும் க்ளோசபினும் சாப்பிடறான். அதையும் எழுதணுமா?

பதில்: கட்டாயம், தனி வரியாக எழுதுங்கள். லித்தியம் சாப்பிடுபவர் சேலத்து சித்திரை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்தாலோ, உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக், புரூஃபன் போட்டாலோ, ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கை பலமாக நடுங்கும், வாந்தி பேதியாகும், நடை தள்ளாடும். அப்போது அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல், அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். க்ளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து திரும்ப ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

கேள்வி (ஓமலூர்): வீட்டுக்காரர் தினமும் குடிப்பார். உள்ளே போன மூணாம் நாள் ஆளே மாறிட்டார், சுவத்துல பூச்சி ஊருதுன்னு தட்டுறாராம். பைத்தியம் பிடிச்சிருச்சுங்கறாங்க.

பதில்: அம்மா, இது பெரும்பாலும் குடி திடீரென நின்றதால் வருவது. உயிருக்கே ஆபத்தான நிலை இது. இன்றைக்கே ஜெயிலரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம். டயசிபாம் அல்லது லோராசிபாம் கொடுக்க வேண்டும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும். "ரகளை பண்றான்" என்று தனி செல்லில் பூட்டினால் உயிரே போய்விடலாம்.

மற்றவர்களும் கவனியுங்கள். கைதானவரை மருத்துவ அதிகாரி பரிசோதிக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 53ஆம் பிரிவு. தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா என்பதை அந்த மருத்துவரிடமே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

கேள்வி (ஆத்தூர்): வழிக்காவலுக்குப் போலீஸ் இல்லைன்னு ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போறது தள்ளிக்கிட்டே போகுது.

பதில்: இந்தக் காரணம் சொல்லியே எத்தனையோ பேரின் சிகிச்சை அறுந்துபோகிறது. மனதை வருத்தும் விஷயம் இது. மருத்துவர் ஒத்துக்கொண்டால், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு மாறலாம். தினசரி மாத்திரை விட்டுப்போகும் பிரச்சினை குறையும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் சிறைக்கு வந்து பார்க்கும்படியும் மனுவில் கேளுங்கள்.

அதோடு, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். மனநோயுள்ள கைதி யாரும் இங்கே இல்லை என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு (மனநோயாளிகளின் உரிமைகளைக் கவனிக்கும் அமைப்பு) சான்று அனுப்ப வேண்டும். உங்கள் மனு கோப்பில் இருந்தால் அப்படிக் கையெழுத்துப் போடுவது கடினம். வாரியத்துக்கு நேராகவும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது.

கேள்வி (ஜூனியர் வக்கீல், அஸ்தம்பட்டி): கட்சிக்காரருக்குக் கேஸே புரியல. எதிர்த்தரப்பு நடிப்புங்கறாங்க.

பதில்: தம்பி, நடிப்பா இல்லையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். பி.என்.எஸ்.எஸ். 367-இல் மனு போடுங்கள். குற்றம் செய்த நேரத்து மனநிலை வேறு வாதம், அதை இதோடு கலக்காதீர்கள். இப்போது வழக்கை நடத்தும் திறன் இருக்கிறதா என்பது மட்டும்தான் இங்கே கேள்வி. திறன் இல்லையென்று முடிவானால் 369-இன்படி விடுவிக்கக் கேட்கலாம். வெளிநோயாளியாகச் சிகிச்சை தருவோம், யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வோம் என்று உறவினர் உறுதி தர வேண்டும். அந்த ஆளை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

கேள்வி (மேட்டூர்): போன தடவை மனு பார்க்கப் போனப்ப பையன் "இனிமே வராதீங்க"ன்னுட்டான். பயமா இருக்கு.

பதில்: இப்படிப் பேசுவது தற்கொலை எண்ணத்தின் அறிகுறியாக இருக்கலாம். சிறை வளாகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே அவன் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி ஜெயிலரிடம் கொடுத்திருக்க வேண்டிய விஷயம் இது. இன்றே போய்க் கொடுங்கள். தனிமையில் வைக்காமல் துணையோடு வைக்கவும், இரவிலும் கவனிக்கவும், உடனே மனநல மருத்துவர் பார்க்கவும் கேளுங்கள். அடுத்த தடவை மனு பார்ப்பதை விடாதீர்கள். உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி (ஏற்காடு அக்கா): பெயில் கிடைச்சிரும்ங்கறாங்க. வேற என்ன செய்யணும்?

பதில்: வெளியே வரும் அன்று மாத்திரை கையில் இருக்காது, பலருக்கு நோய் திரும்புவது அந்த இடைவெளியில்தான். சிறை ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துக் குறிப்பையும், முடிந்தால் இரண்டு வார மாத்திரையையும் முன்கூட்டியே மனு எழுதிக் கேளுங்கள். ஊருக்கு மலையேறும் முன் ஜி.எச். மனநலப் பிரிவு ஓ.பி.யில் ஒரு தரம் காட்டிவிடுங்கள்.