தெருக்கள் பெருகினால் வழிகள் பெருகுமா?

கேள்வி: எங்கள் பகுதியில் புதுப்புது நகர்கள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. ஆனாலும், பின்பக்கத்து நகரில் உள்ள ரேஷன் கடைக்கு மெயின் ரோடு வரை போய்ச் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது. நகரம் வளரும்போது தெருக்களின் இணைப்பும் வளர வேண்டாமா?
– வாசகி, கொடுங்கையூர்

பதில்: வளர வேண்டும், ஆனால் தானாக வளராது. தெருக்களின் மொத்த நீளம் கூடுவது வேறு, இணைப்பு கூடுவது வேறு. இணைப்பை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. சந்திப்புகளையும் முட்டுச்சந்துகளின் முனைகளையும் புள்ளிகளாக எண்ணிக்கொண்டு, அவற்றுக்கு இடையிலுள்ள தெருத்துண்டுகளின் எண்ணிக்கையைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வரிசைக்கு 3 வீதம் 3 வரிசைகளில் 9 சந்திப்புகள் கட்டம் கட்டமாக அமைந்தால் 12 துண்டுகள் கிடைக்கும், விகிதம் 1.33. அதே 9 புள்ளிகள் மரக்கிளைபோல் பிரிந்து சென்றால் 8 துண்டுகள்தான், விகிதம் 0.89. வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் கட்டத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சம தூரத்தில் 6 வழிகள் இருக்க, கிளையமைப்பில் எங்கிருந்து எங்கு போனாலும் ஒரே வழிதான். குடிநீர்க் குழாய்க்காக அதில் ஓரிடத்தில் பள்ளம் தோண்டினால், அதற்கு அப்பால் உள்ள அத்தனை வீடுகளுக்கும் ஆம்புலன்ஸ் வர வழியில்லை.

வடசென்னையில் இரண்டு அமைப்புகளையும் காணலாம். ஜார்ஜ் டவுனில் தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு போன்றவை ஏறத்தாழ இணையாகச் செல்ல, குறுக்குத் தெருக்கள் அவற்றைத் தைத்துக்கொண்டே போகின்றன. நெரிசல் எவ்வளவு இருந்தாலும் ஒரு தெரு அடைபட்டால் அடுத்ததில் புகுந்துவிடலாம். முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவே கிடந்த வடிகால் பள்ளம்கூட 1780-களில் பிராட்வே ஆயிற்று. அதன் பிறகு வடக்கிலும் மேற்கிலும் நகரம் விரிந்தபோது நடந்தது வேறு. பக்கிங்காம் கால்வாயும், 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியபின் பெருகிய தண்டவாளங்களும் நிலத்தைத் துண்டாக்கின. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி மக்கள் லெவல் கிராசிங்கையும் மழைக்கு மூழ்கும் சுரங்கப்பாதையையும் நம்பி வாழ்வதற்கு இதுவே காரணம்.

உங்கள் பகுதியின் சிக்கலோ மனைப்பிரிவுகளால் வந்தது. ஒவ்வொரு நிலக்காரரும் தம் நிலத்தை மட்டும் பார்த்து மனை பிரிக்கிறார்; மெயின் ரோட்டுக்கு ஒரு வாய், கடைசியில் ஒரு காம்பவுண்டுச் சுவர். பக்கத்து நிலத்துக்காரரும் அப்படியே செய்ய, இரண்டு தெருக்கள் ஒரே சுவரின் இருபுறமும் வந்து நின்றுவிடுகின்றன. அங்கே வீடு எழும்பிவிட்டால் பிறகு இணைப்பது மிகவும் கடினம். ஆகவே, மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே பக்கத்து நிலத்தின் தெருக்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை நான் அழுத்தமாகச் சொல்வேன். ஏற்கெனவே பிரிந்துவிட்ட இடங்களில் நடந்து செல்ல ஒரு சந்து திறந்தால்கூடப் பெரிய உதவி.

நீங்கள் முதலில் உங்கள் நகரின் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தைப் பாருங்கள். அதில் தெரு எல்லைக்கோடு வரை காட்டப்பட்டு, தானப் பத்திரத்தின் வழியே மாநகராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தால் அது பொதுத் தெரு. சுவருக்கு மறுபுறத்தின் வரைபடமும் அவ்வாறே இருந்தால், இரண்டு நகல்களையும் இணைத்து, சுவரை அகற்றக் கோரி மண்டல அலுவலகத்தில் மனு கொடுங்கள்.