வாசகர் கேள்வி – பதில்: 47ஆம் பக்கம் எங்கே இருக்கிறது?

சென்ற இதழில், நம் தென்னாப்பிரிக்காவில் பார்வையற்ற மாணவர்களுக்குத் தமிழ்ப் பாடநூல் கிடைப்பதில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

எங்கள் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். ஆசிரியை பாடநூலை ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாகத் தந்தபோது கணினி ஒரு சொல்லும் பேசவில்லை. பிறகு உறவினர் ஒருவர் அதை எழுத்தாக மாற்றிக் கொடுத்தார். இப்போது முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கிறது. ஆனால் வகுப்பில் “47ஆம் பக்கம், மூன்றாம் பயிற்சி” என்றால், மற்றப் பிள்ளைகள் எழுதி முடிக்கும் நேரத்தில்தான் இவள் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறாள். என்ன செய்யலாம்? – ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

உங்கள் உறவினர் பாதி வேலையை முடித்துவிட்டார் அம்மா. ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு வெறும் புகைப்படம். அதில் எழுத்து இருப்பதே, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்னும் செயலிக்குத் தெரியாது. படத்திலுள்ள எழுத்தை அறிந்தெடுக்கும் ஓசிஆர் முறையால் மாற்றியதும் எழுத்து கிடைத்தது, ஆனால் நூல் கிடைக்கவில்லை. பாடநூலைப் பிள்ளைகள் வாசிப்பதைவிடப் புரட்டுவதே அதிகம்: தலைப்பைப் பார்த்துத் தாண்டுவார்கள், பயிற்சியிலிருந்து பாடத்துக்குத் திரும்புவார்கள், கடைசிப் பக்கத்துச் சொற்பொருளை எட்டிப் பார்த்துவிட்டு விட்ட இடத்துக்கு வருவார்கள். இந்தப் புரட்டுதலைப் பார்வையற்றவருக்கும் தர வேண்டும் என்பதற்காகவே 1996இல் டெய்சி என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாயிற்று. ஒலிநாடாவில் பாடம் கேட்டவர்கள், ஒரு பத்தியைத் தேடி நாடாவை முன்னும் பின்னும் ஓட்டிச் சலித்த காலம் அது. டெய்சி வகுத்த முறைகளில் பெரும்பகுதி 2011இல் வெளிவந்த ஈபப் 3 என்னும் மின்னூல் வடிவத்தில் சேர்ந்துவிட்டதால், இன்று புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஈபப் நூலாகச் செய்வதே நல்லது.

வேர்ட் கோப்பில் தலைப்பைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் போட்டால் நம் கண்ணுக்கு அது தலைப்பு. திரைவாசிப்பானுக்கோ அது இன்னொரு வரி. பாடத்தின் பெயருக்கு ‘ஹெடிங் 1’, அதனுள் வரும் பகுதிக்கு ‘ஹெடிங் 2’, ஒவ்வொரு பயிற்சிக்கும் ‘ஹெடிங் 3’ என்று வேர்டில் அதற்குரிய பாணியையே (ஸ்டைல்) தெரிந்தெடுத்து இட வேண்டும். அப்படி இட்டுவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானின் உலாவு நிலையில் (பிரவுஸ் மோட்) எச் விசையைத் தட்டத் தட்ட உங்கள் மகள் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். 3 என்ற எண்ணைத் தட்டினால் பயிற்சிகளை மட்டும் தொட்டுக்கொண்டு போகலாம். முதல் நிலையிலிருந்து நேரே மூன்றாம் நிலைக்குக் குதித்து இடாதீர்கள்; படிக்கட்டில் ஒரு படி காணாமல் போனதுபோல் பிள்ளை தடுமாறும்.

அடுத்தது பக்க எண். மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்கள் மாறிவிடும் என்பதால், அச்சு நூலின் 47ஆம் பக்கம் தொடங்கும் இடத்தில் அந்த எண்ணை நாமே குறித்து வைக்க வேண்டும். சலிப்பான வேலைதான், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் உங்கள் மகளின் சிக்கல் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. டெய்சி கூட்டமைப்பு இலவசமாகத் தரும் வேர்ட்டுஈபப் கருவி, இப்படி ஒழுங்கு செய்த வேர்ட் கோப்பை மின்னூலாக மாற்றித் தரும். அதைத் தோரியம் என்னும் இலவசச் செயலியில் திறந்து, பக்க எண்ணைக் கொடுத்து நேரே அந்தப் பக்கத்துக்குப் போகலாம்.

மாற்றுவதற்கு முன் கோப்பை ஒருமுறை காதால் கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருந்த நூற்பெயர் வாக்கியத்தின் நடுவே புகுந்திருக்கும். இரண்டு நெடுவரிசைகளாக அச்சிட்ட சொற்பொருள் பட்டியல் ஒன்றோடொன்று கலந்திருக்கும். கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியில் கணினி கோடுகளையும் வாசித்துச் சொல்லக்கூடும். கோடுகளை நீக்கிவிட்டுக் ‘கோடிட்ட இடம்’ என்றே எழுதிவிடுங்கள்.

இருபது ஆண்டுகளாக நான் தயாரித்த பாடக்குறிப்புகள் பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. திரைவாசிப்பான் அவற்றை உளறலாக வாசிக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டுமா? – ஓர் ஆசிரியர், டொங்காட்

வேண்டியதில்லை ஐயா. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. ஆகவே கணினி அவற்றை ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவுமே காண்கிறது. யூனிகோடு மாற்றிகள் (தமிழுக்கென்று தனி இடம் உள்ள யூனிகோடு முறைக்கு எழுத்தை மாற்றும் செயலிகள்) இதைச் சரிசெய்யும், ஆனால் எந்த எழுத்துருவில் அடித்தீர்கள் என்பதைச் சரியாகத் தெரிந்தெடுக்க வேண்டும். பழைய முறையில் ‘கெ’ என்பதற்குக் கொம்பை முதலிலும் ‘க’வைப் பிறகும் தட்டினோம், யூனிகோடில் ‘க’ முதலிலும் கொம்பு பிறகும் சேமிக்கப்படுகின்றன. மாற்றி இதில் பிழை செய்தால் கொம்பு வேறோர் எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எனவே மாற்றிய பின் எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களை மட்டுமாவது தேடிப் பாருங்கள்.

நம் நாட்டுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் குறிப்புகளில் தமிழ்ச் சொல்லும் ஆங்கிலப் பொருளும் ஒரே வரியில் கலந்து வரும், ஏனெனில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலமே பேசுகிறார்கள். எந்தச் சொல் எந்த மொழி என்று கோப்பில் குறிக்காவிட்டால், ஆங்கிலக் குரல் தமிழ்ச் சொற்களைச் சத்தமின்றித் தாண்டிப் போய்விடக்கூடும். பிள்ளை, அங்கே ஒன்றும் இல்லை என்றே நினைத்துக்கொள்ளும். வேர்டில் சொல்லைத் தெரிந்தெடுத்து அதன் மொழியைக் குறித்துவிட்டால், தமிழ்க் குரலும் நிறுவப்பட்டிருக்கும் கணினியில் இரண்டும் முறையாக ஒலிக்கும்.

யாராவது பாடத்தைப் படித்து ஒலிப்பதிவு செய்து கொடுத்தால் போதாதா? – பீனிக்ஸ் வாசகர்

கதைக்குப் போதும், மொழிப்பாடத்துக்குப் போதாது. ‘ன’கரமா ‘ந’கரமா, ‘ர’வா ‘ற’வா என்பது காதுக்கு எட்டாது, நம்மில் பலர் ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம். எழுத்தாக உள்ள நூலில் பிள்ளை ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து பார்க்கலாம், கணினி எழுத்தைப் புடைத்த புள்ளிகளாகத் தரும் பிரெயில் காட்டியில் விரலால் தடவியும் பார்க்கலாம். கையால் பக்கம் புரட்ட இயலாத பிள்ளைக்கும், எழுத்துகளைப் பிரித்தறியத் திணறும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கும் இதே கோப்பு உதவும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பதிப்பாளரின் அனுமதி இல்லாமல் இப்படி மாற்றுவது குற்றமாகாதா? – லெனேசியா வாசகர்

நியாயமான அச்சம். நம் நாட்டின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென விலக்கு எதுவும் இருக்கவில்லை. பார்வையற்றோருக்காக நூல்களை எளிதாக்கும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவான பின்னும் நிலைமை மாறாததால், பார்வையற்றோருக்காகப் பணியாற்றும் பிளைண்ட் எஸ்ஏ அமைப்பு வழக்குத் தொடர்ந்தது. 2022 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் குறையை அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி, அச்சு நூலை வாசிக்க இயலாதோருக்கு ஏற்ற வடிவில் படி எடுப்பதற்கு வழிசெய்யும் பிரிவொன்றையும் இடைக்காலமாகச் சேர்த்தது. நாடாளுமன்றத்துக்குத் தந்த 24 மாத அவகாசம் முடிந்த பின், 2025 மே மாதத்திலும் அந்த நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. இந்த உரிமை அந்த மாணவருக்காகவும், இலாப நோக்கமின்றியும் செய்யும் படிக்கு மட்டுமே உரியது. மாற்றிய கோப்பை வகுப்பு முழுவதற்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்காதீர்கள்.

படங்களை என்ன செய்வது? – பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியை

அழகுக்காக மட்டும் உள்ள படத்தை அலங்காரம் என்று குறித்துவிடுங்கள். திரைவாசிப்பான் அதைத் தாண்டிச் செல்லும். பாடத்துக்குத் தேவையான படத்துக்கு ஓரிரு வாக்கியத்தில் விளக்கம் எழுதுங்கள். ‘படத்தைப் பார்த்துப் பெயர் எழுதுக’ என்ற பயிற்சியில் ‘வாழைப்பழம்’ என்று விளக்கம் எழுதினால் விடையை நாமே சொன்னதாகும்; ‘மஞ்சள் நிறத்தில் வளைந்திருக்கும் பழம்’ என்றால், நிறமே கண்டிராத பிள்ளைக்கு அதனால் பயனில்லை. அந்த ஒரு பயிற்சிக்குக் கோப்பை மூடிவிட்டு வாழைப்பழத்தையே கையில் கொடுங்கள். நேட்டாலில் அதற்குப் பஞ்சமில்லை.