பிள்ளையைத் தா, நீ போய்ப் படு

மதிப்புக்குரிய ரீச்சர்,

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் தர்மபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஊரில் தாய்மார் ஆதரவுக் குழு தொடங்கியது. நடத்தும் பொறுப்பு என்னிடம். மாதம் ஒரு கூட்டம். போசாக்கு, பிள்ளையோடு கதைப்பது, விளையாட்டு என்று ஒவ்வொரு மாதமும் ஒரு தலைப்பு. முதல் கூட்டத்தில் உலர் உணவுப் பொதி கொடுத்தோம், 34 பேர் வந்தார்கள். ஐந்தாவது கூட்டத்துக்கு வந்தது 7 பேர். "எங்கட சனம் சாமான் குடுத்தால்தான் வரும்" என்கிறார் எங்கள் மேற்பார்வையாளர். எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோன்றுகிறது. இவர்களை எப்படி வரவைப்பது? தகப்பன்மாரையும் சேர்க்க வேண்டுமா? பிள்ளைகள் எந்நேரமும் போனும் கையுமாக இருப்பதற்கு என்ன செய்யலாம்?

ச.

அன்புள்ள ச.,

உம்முடைய கடிதம் வந்த கிழமை நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து வளவில் ஒருத்திக்குக் குழந்தை கிடைத்து நாற்பது நாள். புருசனுக்குக் கொழும்பில் கட்டட வேலை. தாய் இல்லை. மாமி வவுனியாவில். அன்று காலை நான் வேலியால் எட்டிப் பார்க்கிறேன், அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடியில் நிற்கிறாள். தண்ணீர் அள்ள இரண்டு கையும் வேண்டும். பிள்ளையை வைக்க ஓர் இடம் வேண்டும். இரண்டும் இல்லாமல் அப்படியே நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

சரி, உம்முடைய கடிதத்துக்கு வருகிறேன். "எங்கட சனம் சாமான் குடுத்தால்தான் வரும்" என்ற வசனத்தை நீர் இனி வாயில் எடுக்கக் கூடாது. மேற்பார்வையாளர் சொன்னால் சொல்லட்டும். அவர் கூட்டம் முடிந்ததும் வாகனத்தில் ஏறிப் போகிறவர். நீர் அந்தப் பெண்களின் மூத்த பிள்ளைகளுக்கு நேசறியில் படிப்பிக்கிறவர். அவர்கள் வீட்டுக் கணக்கு உமக்குத் தெரிய வேண்டும். கூலிக்குப் போகிற ஒருத்தி உம்முடைய கூட்டத்துக்கு வந்தால் அன்றைய சம்பளம் போகும். பொதி தந்த நாளில் அந்த இழப்பைப் பொதி ஈடு செய்தது. தராத நாளில் ஈடு செய்ய ஒன்றும் இல்லை, அதனால் வரவில்லை. இதில் சனத்தின் குணத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அலுவலகங்களில் பிள்ளைப்பேற்றுக்கு 84 நாள் சம்பளத்தோடு லீவு கொடுக்கிறார்கள். கச்சான் பிடுங்கப் போகிறவளுக்கு அப்படி ஒரு நாள்கூட இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். மீள்குடியேறி வந்த பிறகு வன்னியில் ஒரு கிழமையும் தவறாமல், ஒரு ஆளும் குறையாமல் பெண்கள் கூடிய கூட்டம் எது தெரியுமா? குழுக்கடன் கூட்டம். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள், வீட்டைத் தாங்களே கட்ட வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் எத்தனையோ பேருக்குக் காசு கூரைக்கு முதலே முடிந்துவிட்டது. குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்கிற கம்பனிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். கைக்குழந்தையோடு வந்து பாயில் குந்தி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எழும்ப முடியாமல், வெயில் ஏறும் வரை இருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அரசாங்கமே 2018 இல் ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்த அளவுக்கு அது போனது. அதற்குப் பிறகு "குழு" என்ற சொல்லைக் கேட்டால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? நீரும் குழு என்கிறீர், நீரும் வரவு இடாப்பில் கையெழுத்து வாங்குகிறீர், நீரும் படம் எடுக்கிறீர்.

ஐந்து கூட்டத்திலும் அவர்களுக்கு என்ன கிடைத்தது? முருங்கையிலையில் இரும்புச்சத்து இருக்கிறதென்று சொல்லியிருப்பீர். முருங்கையிலைச் சொதி வைக்கத் தெரியாதவள் வன்னியில் இருக்கிறாளா? உழுந்துக்களி, குரக்கன் புட்டு, எள்ளுப்பாகு எல்லாம் அவளுடைய அம்மம்மா கிண்டிக் கொடுத்தவை. அவளுக்கு அறிவு குறைவில்லை. கை குறைவு. நான் எங்கே போனாலும் சொல்லி, சிலருக்குச் சலிப்புத் தட்டிய விசயம் இது. இருந்தாலும் திரும்பவும் சொல்லப் போகிறேன்.

1996 இல் கிளிநொச்சியை விட்டு எழும்பியபோது என் மகனுக்கு நாலு மாதம். அக்கராயன் தாண்டி ஸ்கந்தபுரத்தில் ஒரு பாலை மரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி இருந்தோம். பால்மா இல்லை, சவர்க்காரம் இல்லை, பொருளாதாரத் தடை காலம். மூன்றாம் கிழமை எனக்கு மலேரியா. அந்த நாட்களில் வன்னியில் காய்ச்சல் வராத கொட்டில் இல்லை. (2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தபோது என் மகனுக்கு இருபது வயது. அந்தச் செய்தியை அவனுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.) நடுக்கம் வந்தால் பிள்ளையைத் தூக்கப் பயம், விழுத்திவிடுவேன் என்று. பாலும் வற்றத் தொடங்கியது. இவர் விறகுக்கும் மருந்துக்கும் சைக்கிளோடு திரிந்தார்.

வந்தவர்கள் எல்லாரும் புத்தி சொன்னார்கள். தண்ணீர் நிறையக் குடி, பிள்ளையைப் பனிக்குள் வைக்காதே, கவலைப்பட்டால் பால் சுரக்காது. எல்லாம் சரியான புத்திதான். ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க எனக்கு அழுகைதான் வந்தது.

பக்கத்துக் கொட்டிலில் பரந்தன் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். ஒருநாள் பத்து மணி போல வந்து, வாசலில் நின்றபடியே கையை நீட்டி, "பிள்ளையைத் தா, நீ போய்ப் படு" என்றார். அவ்வளவுதான். என்ன நோய், என்ன சாப்பிட்டாய், ஒன்றும் கேட்கவில்லை. தன்னுடைய சேலையால் பாலைக் கொப்பில் ஏணை கட்டினார். மூத்த மகள் ஆட்டினாள். நான் இரண்டு மணித்தியாலம் படுத்தேன். எழும்பியபோது என் கையில் பிள்ளையைத் தந்துவிட்டுத் தன் அடுப்படிக்குப் போனார். அடுத்த நாளும் பத்து மணி. அதற்கடுத்த நாளும். இருபது நாளாவது இருக்கும். பால் திரும்பச் சுரந்தது எனக்கு நினைவிருக்கிறது, ஒரு மத்தியானம், நித்திரையால் எழும்பியபோது சட்டை நனைந்திருந்தது.

பல வருசம் கழித்து அந்த அக்காவைக் கிளிநொச்சிச் சந்தையில் கண்டேன். 2009 இல் அவருடைய இரண்டாவது பிள்ளை போய்விட்டது. அதைப் பற்றிக் கதைத்த பிறகு ஏணையைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு நினைவே இல்லை. "எத்தினை பிள்ளையளை அப்பிடி வைச்சிருந்தம், அதில உன்ர எது?" என்று கேட்டார்.

அது ஒரு திட்டம்தான், ச. பெயரில்லை, பதாகை இல்லை, இருபது நாளும் தவறாமல் நடந்தது. அப்படிப்பட்ட கைகள் இப்போது ஊரில் குறைந்துவிட்டன. எத்தனையோ அம்மம்மாமார் முள்ளிவாய்க்காலோடு போனார்கள். இருக்கிறவர்கள் கனடாவில் பேரப்பிள்ளை பார்க்கிறார்கள். குடியேற்றக் காணிகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் அரை ஏக்கர் வெயில். பிள்ளை அழுதால் கேட்கிற தூரத்தில் ஆள் இல்லை. கணவனை இழந்து தனியே பிள்ளை வளர்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று உம்முடைய இடாப்பைப் பார்த்தாலே தெரியும். நேசறி மூன்று வயதுக்கு மேல்தான், அதுவும் மத்தியானத்துக்கு முதல் முடிந்துவிடும். பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை தாயைத் தவிர யார்? கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியாவில், 1975 இல் தொடங்கிய அங்கன்வாடிகளில் சின்னப் பிள்ளைகளை நாளில் ஒரு பகுதி வைத்திருந்து சோறும் கொடுக்கிறார்கள். அங்கே அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த பெண்கள் இங்கே முதலில் தேடுவது அதைத்தான்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் மிஸியைப் பாரும். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய முறை, இன்றைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டியில் வீடு தேடி வருகிறார். பிள்ளை பிறந்த முதல் பத்து நாளுக்குள்ளேயே வந்துவிடுவார். வந்ததும் முதலில் செய்வது என்ன? பிள்ளையைத் தன் கையில் வாங்குவது. கதை அதற்குப் பிறகு. அவருக்குப் பார்க்க எத்தனை வீடு, எத்தனை மைல் குச்சொழுங்கை. உம்முடைய குழு அவருக்குப் பின்னால் போனாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அரசாங்கம் கொடுக்கிற சத்துமாவான திரிபோஷாவைப் பற்றியும் நீர் கேட்காமலே ஒன்று சொல்ல வேண்டும். நிறை குறைந்த பிள்ளைக்குக் கொடுத்த பக்கற்றை வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் பங்கு வைக்கிறாள் என்று தாய்மாரைப் பேசுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். நீர் அப்படிப் பேச வேண்டாம். நாலு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க ஒரு பிள்ளையின் வாயில் மட்டும் உருண்டையை வைக்கிற தாய் எங்கே இருக்கிறாள்? 2022 இல் அந்தப் பக்கற்றும் வராமல் போனபோது சோளத்தையும் பயறையும் வறுத்துத் தாங்களே சத்துமா திரித்தவர்கள் இந்தப் பெண்கள்தான்.

தகப்பன்மாரைக் கேட்டீர். வருகிறவர்கள் வரட்டும், வந்தால் பிள்ளையைக் கையில் கொடும். போனைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். அடுப்பில் சோறு பொங்கி வழியும்போது அவள் போனைக் கொடுக்கிறாள். அந்த நேரம் பிள்ளையைத் தூக்க ஆள் இருந்தால் ஏன் கொடுக்கப் போகிறாள்?

அடுத்த மாதம் தலைப்பை விடும். பொதுநோக்கு மண்டபத்தில் நாலு பழைய சேலையும் நாலு கயிறும் கொண்டுபோய் ஏணை கட்டும். ஊரில் கை ஓய்ந்திருக்கிற கிழவிகள் நாலைந்து பேரையாவது கூட்டி வாரும், பிள்ளை இல்லாத சித்திமார், மாமிமாரையும். மாதம் ஒரு நாள் போதாது, கிழமைக்கு இரண்டு காலை என்று சொல்லும். பிள்ளையை விட்டுவிட்டு அவள் கூலிக்குப் போகட்டும், குளிக்கட்டும், படுக்கட்டும், எங்கே போகிறாய் என்று கேட்க வேண்டாம். பால் குடிக்கிற பிள்ளையென்றால் தாயும் அங்கேயே ஒரு பாயில் படுக்கட்டும். பிள்ளைகளை யார் வைத்திருந்தார், யார் தூக்கிப் போனார் என்று ஒரு கொப்பியில் கவனமாக எழுதி வையும், அதில் மட்டும் கண்டிப்பாக இரும். காய்ச்சல் இருமல் உள்ள பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். மேற்பார்வையாளர் அறிக்கை கேட்டால் அந்தக் கொப்பியைக் காட்டும். படம் கேட்டால், நித்திரை கொள்கிற பெண்களைப் படம் எடுக்க முடியாது என்று சொல்லும்.

பக்கத்து வளவுக்காரியின் பிள்ளை இப்போது காலையில் என்னிடம். எட்டரையிலிருந்து பத்தரை வரை. இதை எழுதும்போது உள் அறையில் கிடக்கிறாள், அசைவு கேட்கிறது.

எந்த நாள் என்று எழுதும். தர்மபுரத்துக்கு நான் பஸ்ஸில் வருவேன். எனக்கு நிலத்தில் இருக்க முழங்கால் விடாது, ஒரு கதிரை போட்டு வையும், மடியில் ஒரு பிள்ளையை வைத்திருப்பேன்.

அன்புடன்,
ரீச்சர்